பெயர் வைக்கப்படாதவர்கள்

அவையோருக்கு வணக்கம்.

அறிவியல் புனைகதையில் முழுப்பெயர் இல்லாமல் உலவும் பாத்திரங்களைப் பற்றி இன்று பேசுகிறேன். அவர்கள் ஏராளம். ஆனால் எல்லோரும் ஒரே காரணத்தால் பெயரில்லாமல் நிற்பவர்கள் அல்லர். சிலருக்கு முழுப்பெயர் தேவைப்படவே இல்லை. சிலருக்குப் பெயர் உண்டு, நமக்குத்தான் சொல்லப்படவில்லை. சிலருக்கோ வைப்பதற்கு ஆளே இல்லை. பின்னால் ஒருவர் வந்து அந்த வெற்றிடத்தை நிரப்பும்போது கதை அதைத் தாங்குமா, தாங்காதா என்பது இந்தக் காரணத்தைப் பொறுத்தது. நான் சொல்ல வந்தது இதுதான்.

எளிதானதை முதலில் முடித்துவிடலாம். 1979-இல் வந்த ‘ஏலியன்’ படத்தில் விண்கப்பலில் ஏழு பேர்: டாலஸ், கேன், ரிப்ளி, லாம்பர்ட், ஆஷ், பார்க்கர், பிரெட். எல்லாம் ஒற்றைப் பெயர். வேலையிடத்தில் ஆட்கள் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இந்தப் பாத்திரங்களில் ஆணும் நடிக்கலாம், பெண்ணும் நடிக்கலாம் என்று திரைக்கதையிலேயே குறிப்பு இருந்தது. குடும்பப் பெயர் மட்டும் இருந்தால் அதற்கு வசதி. நாயகி ரிப்ளிக்கு ‘எலன்’ என்ற முதற்பெயர் 1986-இல் இரண்டாம் படத்தில்தான் வருகிறது. பிரியும் நேரத்தில் ஹிக்ஸ் என்ற படைவீரன் தன் பெயர் டுவெயின் என்கிறான். அவள் எலன் என்கிறாள். முதல் படத்துக்கு இதனால் ஒரு சேதமும் இல்லை, ஏனென்றால் அங்கே யாரும் எதையும் மறைக்கவில்லை.

‘ஸ்டார் ட்ரெக்’ தொடரும் இதே வகை. 1966-இல் தொடங்கியபோது விண்கலக் குழுவில் இருக்கும் உஹூராவுக்கும் சூலுவுக்கும் முதற்பெயர் கிடையாது. சூலுவின் ‘ஹிகாரு’ 1981-இல் ஒரு நாவலில் தோன்றி, 1991 படத்தில்தான் திரைக்கு வந்தது. உஹூராவின் ‘நியோட்டா’ என்பதைத் திரையில் கேட்க 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் படம் காத்திருப்பையே காட்சியாக்கியது: கிர்க் அவளிடம் பெயரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான், அவள் சொல்வதில்லை, கடைசியில் அவளுடைய காதலன் ஸ்பாக் வாயிலிருந்து அது வருகிறது. நாற்பது ஆண்டுக் குறையை ஒரு உறவின் அடையாளமாக மாற்றிய நல்ல வேலை அது. இதற்கு நேர் எதிராக, ஸ்பாக்கின் முழுப்பெயரை 1967-லேயே பூட்டிவிட்டார்கள். இன்னொரு பெயர் உண்டா என்று ஒரு பெண் கேட்க, உன்னால் அதை உச்சரிக்க முடியாது என்கிறான். உச்சரிக்க முடியாத பெயரை எந்த நடிகராலும் சொல்ல முடியாது. ஆகவே அந்தப் பூட்டு உறுதியானது.

இனி, வேண்டுமென்றே மறைத்தவர்கள். 1895-இல் எச். ஜி. வெல்ஸ் எழுதிய ‘கால இயந்திரம்’ நாவலின் நாயகன் வெறும் ‘காலப்பயணி’. அவனுடைய விருந்தில் உட்கார்ந்திருப்பவர்களும் உளவியலாளர், மருத்துவர், மாகாண மேயர், மிக இளைய மனிதர் என்று அடைமொழிகளாலேயே அறியப்படுகிறார்கள். நடுவில் ஃபில்பி என்று ஒருவருக்கு மட்டும் பெயர் கொடுத்துவைக்கிறார் வெல்ஸ். இதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். எல்லோரையும் அடைமொழியால் குறித்தால் மேசை ஒரு உருவகக் கதையாக உறைந்துவிடும்; ஒரு ஃபில்பி இருந்தால் அது யாரோ ஒருவருடைய வீடு ஆகிறது. அடுத்து 1898-இல் ‘உலகங்களின் போர்’. கதைசொல்லிக்குப் பெயரில்லை, மனைவிக்கு இல்லை, தம்பிக்கும் இல்லை. ஆனால் ஊர்ப் பெயர்கள் அத்தனை துல்லியம்: ஹார்செல் பொதுவெளி, வோக்கிங், வெய்பிரிட்ஜ், ஷெப்பர்டன். வரைபடத்தை வைத்துக்கொண்டு செவ்வாய்க்காரர்களின் பின்னாலேயே போகலாம். ஆளுக்குப் பெயர் இல்லாதபோது மண்ணுக்குப் பெயர் வேண்டும். இரண்டும் இல்லாமல் எழுதப்பட்ட கதைகள் பலவும் சில பக்கங்களிலேயே புகையாகிவிடுகின்றன.

மறைத்த பெயரை வைத்து விளையாடுவதில் நீண்ட பயிற்சி உள்ளவர்கள் ‘டாக்டர் ஹூ’ தொடர்க்காரர்கள். 1963 முதல் இன்றுவரை, ‘டாக்டர்’ என்றே அழைக்கப்படும் அதன் மையப் பாத்திரத்தின் பெயர் சொல்லப்படவில்லை. 2013-இல் ஒரு கல்லறைக் கதவே அந்தப் பெயரைச் சொன்னால்தான் திறக்கும் என்று கதை கட்டினார்கள். கதவு திறந்தது, பெயர் நம் காதில் விழவில்லை. ஒரு முறை இப்படிச் செய்யலாம். அடிக்கடி செய்தால் பார்வையாளர் பாத்திரத்தை விட்டுவிட்டுப் புதிரை மட்டும் பார்க்கத் தொடங்குவார். பெயர் இல்லாமை பின்னணியில் இருக்கும்வரைதான் அதற்கு வலிமை.

இப்போது என் மனதுக்கு மிக நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். 1818-இல் மேரி ஷெல்லி எழுதிய ‘ஃபிராங்கென்ஸ்டைன்’. அதில் விக்டர் ஃபிராங்கென்ஸ்டைன் என்ற மாணவன் உயிர் கொடுத்து உருவாக்கும் படைப்புக்குப் பெயர் ஏன் இல்லை? ஆசிரியர் மறைத்துவைத்ததால் அல்ல. பெயர் வைக்க வேண்டியவன், அது கண் திறந்த இரவிலேயே அறையை விட்டு ஓடிவிட்டான். கதையின் குற்றமே அதுதான். பிறகு அந்தப் படைப்பு ஒரு குடிசையின் பக்கத்தில் ஒளிந்துகொண்டு மொழி கற்கிறது. அங்கே அது கண்டுபிடிக்கும் முதல் செய்திகளில் ஒன்று பெயர்கள். இளைஞன் ஃபீலிக்ஸ், சகோதரன், மகன் என்றெல்லாம் அழைக்கப்படுகிறான். பெண் அகதா, சகோதரி. முதியவருக்கோ அந்த வீட்டில் ஒரே பெயர்: அப்பா. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் அதைச் சொல்லிக் கூப்பிட ஒருவர் இருக்கிறார். கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு அப்படி யாரும் இல்லை. இந்த நாவலில் பிற்காலத்தவர் எந்தப் பெயரைக் கொண்டுவந்து பொருத்தினாலும் கதை உடையும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதைத் தமிழில் சொல்ல முற்படுகிறவருக்கு ஒரு கூடுதல் பொறுப்பு உண்டு. நம் வினைமுற்று பாலையும் மரியாதையையும் சேர்த்தே சொல்லிவிடும். ‘வந்தது’, ‘வந்தான்’, ‘வந்தார்’ என்று மூன்றில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். ஒரே முடிவைக் கடைசிவரை வைத்துக்கொள்ளாமல், பேசுகிறவரைப் பொறுத்து மாற்றுவதே சரி. விக்டர் பேசும்போது ‘அது’. படைப்பு தன் கதையைத் தானே சொல்லும்போது ‘நான்’ என்பது போதும். குடிசையின் பார்வையற்ற முதியவர் டி லேசி, உருவத்தைக் காணாமல் விருந்தாளியாக உட்காரவைத்துப் பேசும்போது ‘நீங்கள்’. ஃபீலிக்ஸ் உள்ளே நுழைந்து கம்பால் அடிக்கும் நொடியில் மீண்டும் ‘அது’. பெயர் செய்யாத வேலையை விகுதி செய்துவிடும்.

எண்ணால் அழைக்கப்படுகிறவர்களைச் சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறேன். 1920-களின் தொடக்கத்தில் ரஷ்ய எழுத்தாளர் ஸாமியாட்டின் எழுதிய ‘நாம்’ நாவலில் டி-503, ஐ-330, ஓ-90. ஆண்களுக்கு மெய்யெழுத்தும் ஒற்றைப்படை எண்ணும், பெண்களுக்கு உயிரெழுத்தும் இரட்டைப்படை எண்ணும். விதி இருப்பதால்தான் அந்த அரசு நம்பும்படி இருக்கிறது. நம் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் அரசாங்கம் குடிமக்களின் பெயரை இரண்டெழுத்தோடு நிறுத்திவிடுகிறது: நிலா, சிபி, ரவி. எண்ணைவிட இது கொடுமையானது என்பேன், ஏனென்றால் செல்லப்பெயர் போல ஒலிக்கிறது.

எழுதுகிறவர்களுக்காகச் சில நடைமுறைச் செய்திகள். பெயரில்லாத பாத்திரத்துக்குத் தன்மைக் கூற்றே மிக வசதி. ‘நான்’ என்பவனுக்குத் தன்னை அழைத்துக்கொள்ள அவசியம் இல்லை. ஆபத்து மற்றவர் வாயில் இருக்கிறது. கடிதத்தின் முதல் வரி, அடையாள அட்டை, தொலைபேசி, மருத்துவமனைப் பதிவு ஆகிய இடங்களில் பெயர் கசியும். இவற்றைத் தவிர்க்க முடியாவிட்டால், பெயர் கேட்கப்படாததற்கு உலகத்திலேயே ஒரு விதி வையுங்கள். 2014-இல் வந்த ‘அனைஹிலேஷன்’ நாவலில் ஆய்வுக்குழுவுக்குப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்பதே கட்டளை; உயிரியலாளர், அளவையாளர், மானிடவியலாளர், உளவியலாளர் என்று தொழிலே பெயர். 2018 படத்தில் உயிரியலாளர் லீனா ஆகிவிட்டார். திரையில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் வாய்விட்டுக் கூப்பிட வேண்டியிருக்கிறதே. தமிழில் இந்த வகைத் தொழிற்பெயர்கள் இன்னும் வசதி: ‘உயிரியலாளர் வந்தார்’ என்றால் ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. ஆனால் ‘ஆளர்’ என்று முடியும் மூன்று பேர் ஒரே காட்சியில் நின்றால் வாசகர் தடுமாறுவார். ஒருவரை ‘மருத்துவர்’, இன்னொருவரை ‘ஓட்டுநர்’ என்று ஒலியால் பிரித்துவிடுங்கள்.

இன்னொரு கசிவு, பெயர்ப் பட்டியல். 1985-இல் மார்கரெட் அட்வுட் எழுதிய ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலின் முதல் அத்தியாயம் ஐந்து பெண்களின் பெயரோடு முடிகிறது. மற்ற நான்கும் பின்னால் வேறு பெண்களுக்கு உரியவையாகத் தெரியவர, மிஞ்சிய ‘ஜூன்’தான் நாயகி என்று வாசகர்கள் கழித்துக் கண்டுபிடித்தார்கள். தான் அப்படி நினைத்து எழுதவில்லை என்றார் ஆசிரியர். ஆனாலும் பொருந்துகிறது என்று ஏற்றுக்கொண்டார். 2017 தொலைக்காட்சித் தொடரில் அது ‘ஜூன் ஆஸ்போர்ன்’ என்று முழுப்பெயராகவே ஆயிற்று. பெயரை உண்மையிலேயே மறைக்க வேண்டுமென்றால், பட்டியலில் ஒரு பெயரைக்கூட உரிமையாளர் இல்லாமல் விடக் கூடாது.

மேடைக்கும் திரைக்கும் எழுதுகிறவர்கள் நடிகர் பட்டியலையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். அங்கே இடது பக்கத்தில் ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டும். 1823-இல் லண்டனில் ‘ஃபிராங்கென்ஸ்டைன்’ நாடகமானபோது, அறிவிப்புத் தாளில் டி. பி. குக் என்ற நடிகருக்கு நேரே பாத்திரப் பெயருக்குப் பதிலாக ஒரு கோடு மட்டும் போட்டார்கள். மேரி ஷெல்லியே அதைப் பார்த்து ரசித்துக் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். 1931 படத்தின் தொடக்கப் பட்டியலில் பாத்திரம் ‘அரக்கன்’ என்று இருக்கிறது. நடிகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி. போரிஸ் கார்லாஃப் என்ற பெயர் படம் முடிந்த பிறகுதான் வருகிறது.