பாகற்பிஞ்சு ஏன் மஞ்சளாகி விழுகிறது? டர்பன் கோடைத் தோட்டச் சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்குத் தென்னாப்பிரிக்காவில் நம் டர்பனைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அக்கா அனுப்பிய கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அவர் வீட்டுப் பாகற்கொடியில் பிஞ்சு நிறையப் பிடிக்கிறதாம். ஆனால் சுண்டுவிரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறதாம். தக்காளியிலோ காயின் அடிப்பக்கம் கறுத்துப்போகிறது. தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்துக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறார், வேப்பெண்ணெயும் அடிக்கிறார். அடுத்து என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்கிறார்.

அக்கா, இப்போதைக்கு எதையும் அடிக்க வேண்டாம். விழுந்த பிஞ்சு ஒன்றை எடுத்துக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிகிறதா? வெளித்தோலில் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளியும், அதில் பிசின் கசிந்து காய்ந்த தடமும் தெரிகிறதா? அப்படியானால் அது பழ ஈயின் வேலை. பிஞ்சு இளசாக இருக்கும்போதே ஈ தோலைக் குத்தி உள்ளே முட்டையிட்டுவிடும். புழு காய்க்குள் பத்திரமாக இருப்பதால், மேலே அடிக்கும் வேப்பெண்ணெய் அதைத் தொடவே தொடாது.

செய்ய வேண்டியது இரண்டு. பூவின் இதழ் வாடிய உடனே பிஞ்சுக்கு உறை போட்டுவிடுங்கள். அதற்கு முன்னால் போட்டால் தேனீ வர முடியாது, காய் பிடிக்காது. நம் ஊர் மழையில் செய்தித்தாள் உறை ஒரு நாள்கூடத் தாங்காது. பழைய ஜன்னல் திரையின் மெல்லிய துணியைச் சின்னப் பையாகத் தைத்துக் கட்டினால் காற்றும் போகும், பலமுறை பயன்படும். அடுத்தது, விழுந்த பிஞ்சை அன்றன்றே பொறுக்கிவிட வேண்டும். அதை எருக்குழியில் போடாதீர்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகித் திரும்ப ஈயாக வரும். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, வெயிலில் வைத்துவிடுங்கள்.

பிளந்து பார்த்தால் புழுவே இல்லை, பிஞ்சு நுனியிலிருந்து சுருங்கி வருகிறது என்றால் மகரந்தம் சேரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். நாள் முழுக்கத் தூறலாக இருந்தால் தேனீ வெளியே வராது. பூவுக்கு அடியில் குட்டிப் பாகற்காய் இருந்தால் அது பெண் பூ. காலையிலேயே ஓர் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள். சுரைக்காய்க்கு மட்டும் சாயங்காலம் செய்யுங்கள், அதன் வெள்ளைப் பூ பொழுது சாயும்போதுதான் விரியும்.

சரி, தக்காளிக்கு வருகிறேன். அடியில் தட்டையாக, தோல் தடித்துக் கறுத்த வட்டம் வந்தால் அது நோய் இல்லை. சுண்ணாம்புச் சத்து காயின் நுனிவரை போய்ச் சேரவில்லை என்று பொருள். மண்ணில் அந்தச் சத்து பெரும்பாலும் இருக்கத்தான் செய்யும். அது தண்ணீரோடு சேர்ந்துதான் மேலே ஏறும். மண் ஒரு நாள் காய்ந்தும் ஒரு நாள் சேறாகவும் கிடந்தால் அந்த ஓட்டம் தடைப்படும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதால் இந்தக் காய்களுக்கு ஒரு பலனும் கிடைக்காது, அது கரையவே மாதக்கணக்கில் ஆகும். வேர்ப்பக்கம் காய்ந்த புல்லை நான்கு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

இங்கேதான் அந்த வீடியோக்கள் நம்மைக் குழப்புகின்றன. தமிழ்நாட்டுக் கோடை வறண்ட கோடை, அங்கே காலையும் மாலையும் ஊற்றச் சொல்வது சரிதான். டர்பனில் மழையே கோடையில்தான். வருடத்துக்கு ஏறக்குறைய 1000 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் கொட்டிவிடும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள், நமக்கு ஆடி குளிர்காலம். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரில் பலர், ஒப்பந்தம் முடிந்ததும் உம்கேனி ஆற்றங்கரையில் நிலம் பிடித்துக் காய்கறி போட்டு டர்பன் சந்தைக்குக் கொடுத்தார்கள். இந்த மண்ணையும் மழையையும் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். உங்கள் தெருவில் வயதான தோட்டக்காரர் யாராவது இருந்தால், என் வீடியோவையும் ஓரமாக வைத்துவிட்டு அவரிடம் போய்க் கேளுங்கள். மனதாரச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தக்காளிச் செடி இலை பச்சையாக இருக்கும்போதே திடீரென்று தொங்கிப்போனால், அடித்தண்டைக் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் நுனி மட்டும் படும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டிய இடத்திலிருந்து பால் நிறத்தில் மெல்லிய இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அதற்கு மருந்து கிடையாது. செடியை வேரோடு எடுத்துவிடுங்கள். அந்தப் பாத்தியில் சில வருடங்களுக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கும் வேண்டாம். சோளம் போடலாம். தண்ணீர் தேங்கும் மூலையாக இருந்தால் சேப்பங்கிழங்கு நடுங்கள், தக்காளியை வாட்டும் அதே மழையில் அது செழித்து வளரும்.

குரங்குத் தொல்லைக்குப் பாத்தியை முழுக்க வலையால் மூடுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து நிற்கிறது. பொம்மை, பளபளக்கும் தாள் எல்லாவற்றுக்கும் அவை சீக்கிரம் பழகிவிடும்.

கடைசியாக, இப்போது கொத்தமல்லி விதைக்கலாமா என்றும் அக்கா கேட்டிருந்தார். இந்த வெக்கையில் விதைத்தால் தழை வருவதற்குள் பூத்துவிடும். மார்ச் முடிந்து இரவு கொஞ்சம் குளிர்ந்த பிறகு விதையுங்கள். வெந்தயக் கீரையையும் பட்டாணியையும் அப்போதே சேர்த்துப் போட்டுவிடலாம்.