உப்புக் காற்றும் மோட்டார் சைக்கிள் செயினும்

திருகோணமலை நேயர்களுக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிளில் வீட்டு முற்றத்தில் வைத்தே செய்யக்கூடிய வேலைகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேச்சில் பாதிக்கு மேல் செயினைப் பற்றித்தான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதற்குக் காரணம் நம்முடைய ஊர்தான். உப்புவெளி, நிலாவெளி, உட்துறைமுக வீதி என்று எங்கே நிறுத்தினாலும் கடற்காற்று. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் ஒரு துளி மழை இல்லாத நாளிலும் இரும்பின்மேல் மெல்லிய ஈரம் படிந்திருக்கும், துருவும் அங்கேயே தொடங்கும். பின்னால் மீன்பெட்டி கட்டி ஓடுபவர்களுடைய பாடு இன்னும் மோசம். ஐஸ் உருகி வடிகிற உப்புத் தண்ணீர் நேரே பின்சில்லிலும் செயினிலும்தான் விழும்.

ஆகவே முதல் வேலை கழுவுவது. கடற்கரைப் பக்கம் போய் வந்த அன்றே கழுவுங்கள், ஆனால் எஞ்சின் ஆறிய பிறகு. வீட்டுக் கிணறு உவராக இருந்தால் கழுவியும் பயனில்லை. கடைசி இரண்டு வாளியாவது குழாய்த் தண்ணீராக இருக்கட்டும். சேர்விஸ் நிலையத்தில் அடிக்கிற மாதிரி வேகமான தண்ணீரைச் சில்லின் நடுப்பகுதிக்கு நேரே பிடிக்காதீர்கள். பெயாரிங்கை மூடியிருக்கிற இறப்பர் சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போனால் பெயாரிங் கிறீஸ் கழுவப்பட்டு, சில மாதங்களில் சில்லு கரகரவென்று சத்தம் போடும்.

இனி செயின். சென்ரர் ஸ்ராண்டில் ஏற்றி, கியரை நியூட்ரலில் விட்டு, சாவியைக் கழற்றிப் பையில் போடுங்கள். எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு செயினைத் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். துணி பற்சில்லில் மாட்டினால் விரலும் சேர்ந்து போகும். கையால் சில்லை உருட்டுங்கள், நிறுத்துங்கள், நின்ற பிறகு துடையுங்கள்.

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்து, செயினின் நான்கு பக்கமும் தேயுங்கள். பெற்றோல் வேண்டாம்: தீப்பிடிக்கும், சில செயின்களின் இணைப்புகளுக்குள் இருக்கிற இறப்பர் வளையங்களையும் கெடுக்கும். துடைத்து உலர்த்திய பிறகு 90 கியர் ஒயிலைக் கீழ்ச் செயினின் உட்பக்கத்தில், ஒவ்வோர் உருளையிலும் ஒரு துளி விழும்படி விடுங்கள். சில்லு சுழலும்போது அது தானாக வெளிப்பக்கம் பரவும். பத்து நிமிடம் விட்டு, வெளியே மினுங்குகிற ஒயிலைத் துடைத்துவிடுங்கள். வெளியில் நிற்கிற ஒயில் மணலைப் பிடிக்கும். மணலும் ஒயிலும் சேர்ந்தால் பற்சில்லை அராவுகிற பசைதான். கிறீஸ் பூசக் கூடாது என்பதற்கும் அதே காரணம். ரயரில் ஒயில் பட்டால் உடனே துடைத்தெடுங்கள். மற்ற ஊர்களில் 500 கிலோமீற்றருக்கு ஒருமுறை இது போதும். கரையோரத்தில் ஓடுபவர்கள் வாரம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தொய்வு. கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். 100, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை அசைய வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. சில்லை உருட்டி நாலைந்து இடத்தில் அளந்து, ஆக இறுக்கமான இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதலாகத் தொய்ந்தால் செயின் பல்லைத் தாண்டிக் குதிக்கும், கழன்று பின்சில்லையும் பூட்டிவிடலாம். மிகவும் இறுக்கினாலும் கேடு: ஆள் ஏறி உட்காரும்போது செயின் இன்னும் இறுகி, கியர்ப்பெட்டியின் பெயாரிங்கை இழுக்கும்.

சரிசெய்ய, பின் அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத்துச் சிறிய நட்டுகளையும் ஒரே அளவு, கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்புங்கள். இரு பக்கமும் பொறித்திருக்கிற அளவுக் கோடுகளும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சில்லு சரிந்து ஓடும். அச்சு நட்டை நன்றாக இறுக்கிய பிறகு தொய்வை மீண்டும் அளங்கள், இறுக்கும்போது அது மாறியிருக்கும். பலர் மறக்கிற இடம் இதற்கு அடுத்தது. சில்லு பின்னுக்குப் போனதும் டிரம் பிரேக்கின் கம்பி இழுபட்டு, பிரேக் பிடித்தபடியே ஓடும். சில்லு தடையில்லாமல் சுழலும் வரை பிரேக் நட்டைத் தளர்த்துங்கள். மிதிபலகை பிடிக்கத் தொடங்குமுன் 20 முதல் 30 மில்லிமீற்றர் இறங்கினால் போதும். பின் விளக்கு எரிகிறதா என்றும் மிதித்துப் பாருங்கள்.

பின்பற்சில்லின் பின்புறத்தில் செயினை இழுத்தால் பாதிப் பல் வெளியே தெரிகிறதா? அந்தச் செயின் முடிந்தது. புதிய செயினோடு இரண்டு பற்சில்லுகளையும் சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதிய செயினைப் போட்டால் அதுவும் விரைவில் தேய்ந்துவிடும்.

மற்றவை சுருக்கமாக. ரயர் காற்றை ஓடுவதற்கு முன், குளிர்ந்த நிலையில் பாருங்கள். வண்டியில் ஒட்டியிருக்கிற அளவே சரி, இருவர் போவதென்றால் பின்னுக்குக் கூட வேண்டும். பற்றரி முனையில் வெள்ளைத் தூள் கட்டியிருந்தால் முதலில் கழித்தல் குறியுள்ள எதிர்முனையைக் கழற்றி, அப்பச்சோடா கலந்த வெந்நீரால் துடைத்து, உலர்ந்ததும் இணைத்து வஸ்லீன் பூசுங்கள். ஸ்பார்க் பிளக்கின் நுனி இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் முதலில் எயார் பில்ரரைப் பாருங்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அது புழுதியால் அடைந்திருக்கும். பிளக்கைத் திரும்பப் போடும்போது கையாலேயே முழுவதும் திருகிய பிறகுதான் பிளக் திருகும் சாவியைப் பிடிக்க வேண்டும். புரி சிதைந்தால் அது வீட்டில் தீர்கிற வேலை இல்லை. காபரேட்டர் திருகாணிகளையும் டிஸ்க் பிரேக்கின் குழாய்களையும் தொடக்கக்காரர்கள் தொடாமலிருப்பதே நல்லது.

எஞ்சின் ஒயில் மாற்றுவதென்றால் எஞ்சினைச் சற்றுச் சூடாக்கி வடியுங்கள், இளகி முழுவதும் இறங்கும். போத்தலில், மோட்டார் சைக்கிள் கிளச்சுக்கு ஏற்ற ஒயில் என்று காட்டுகிற ஜாசோ எம்ஏ (JASO MA) என்ற குறி இருக்கட்டும். காருக்குரிய ஒயில்கள் சிலவற்றை ஊற்றினால் கிளச் வழுக்கும். 100 சிசி வண்டிக்கு ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே பிடிக்கும், ஆகவே முழுப் போத்தலையும் கவிழ்க்காமல் அளவுகோலைப் பார்த்துப் பார்த்து ஊற்றுங்கள். கூடினால் நுரைத்து எயார் பில்ரருக்குள் ஏறும். வடித்த ஒயில் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, ஓட்டாமல் கராஜுக்குக் கொண்டுபோங்கள். கறுத்த பழைய ஒயிலை முற்றத்து மணலில் ஊற்றினால் அது கிணற்றில்தான் போய்ச் சேரும். அதே போத்தலில் அடைத்துக் கராஜில் கொடுத்துவிடுங்கள்.

வணக்கம்.