திருமண விருந்துக்கான பெரிய ஹல்லா: பின்னலும் உள்வேக்காடும்

காட்சி: வெள்ளைத் துணி விரித்த மேசையில் பொன்னிறப் பின்னல் ரொட்டி.

வணக்கம். யூதத் திருமணத்தில், ஹுப்பா எனப்படும் விதானத்தின் கீழ் சடங்குகள் முடிந்த பின், விருந்து ஹல்லா ரொட்டியோடு தொடங்குகிறது. விருந்தினர் கை கழுவி அமர்ந்ததும், பெரும்பாலும் தாத்தா ஒருவரோ, ரபீ எனப்படும் யூத மதகுருவோ, ஹமோட்சி என்ற துதியைச் சொல்லி அதை வெட்டுகிறார். கிழக்கு ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதரிடையே, கொய்லெட்ஷ் எனப்பட்ட பெரிய பின்னல் ரொட்டியை ஏந்தி, உறவுக்காரப் பெண் ஒருவர் மணமக்களின் முன்னே ஆடிவரும் வழக்கமும் இருந்தது.

சிறிய ஹல்லாவின் அளவுகளைப் பெருக்கினால் போதும் என்று தொடங்குபவர்களுக்கு, மேலே கருகி, நடுவில் பச்சை மாவாக நிற்கும் ரொட்டிதான் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு படியிலும் நாம் நினைவில் வைக்க வேண்டியது அந்த நடுப்பகுதியைத்தான்.

காட்சி: சலித்த மாவு, கண்ணாடிக் கிண்ணத்தில் ஒவ்வொன்றாக உடைக்கப்படும் முட்டைகள்.

புரதம் மிகுந்த ரொட்டி மாவு 2 கிலோ, தண்ணீர் 750 மில்லி, முட்டை 8, எண்ணெய் 200 மில்லி, சர்க்கரை 200 கிராம், உப்பு 36 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 16 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். கோஷர் எனப்படும் யூத உணவு விதிப்படி இறைச்சியையும் பாலையும் ஒரே வேளையில் உண்ணக் கூடாது என்பதால், இறைச்சி விருந்துக்கான ஹல்லாவில் வெண்ணெயோ பாலோ சேர்ப்பதில்லை. முட்டையில் இரத்தப் புள்ளி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதும் கோஷர் விதிகளில் ஒன்றுதான். சர்க்கரையை இதற்கு மேல் கூட்டாதீர்கள். இனிப்பு மிகுந்தால் உள்ளே வேகும் முன்பே மேலோடு கருத்துவிடும்.

மாவு பிசைந்து, இரு மடங்காக உப்பியதும், அதிலிருந்து ஒரு துண்டைப் பிரித்தெடுக்க வேண்டும். பைபிளின் எண்ணாகமம் 15ஆம் அதிகாரத்தில் உள்ள இக்கட்டளையிலிருந்தே ரொட்டிக்கு ஹல்லா என்ற பெயர் வந்தது. பலரும் பின்பற்றும் கணக்கின்படி, பிசைவதற்கு முன் உலர்ந்த மாவு ஏறத்தாழ 1.67 கிலோவை எட்டினால் துதி சொல்லிப் பிரிக்க வேண்டும். நம் மாவு அதைத் தாண்டிவிட்டது. எருசலேமில் யூதர்களின் கோயில் இல்லாத இக்காலத்தில், ஆலிவ் காயளவு பிரித்த அத்துண்டை உண்ணாமல் எரித்துவிடுகிறார்கள்.

காட்சி: நீளமாக உருட்டப்பட்ட ஆறு புரிகள், அருகருகே.

மீதியைச் சம எடையில் ஆறாகப் பிரித்து, நடுவில் சற்றுத் தடித்தும் முனைகளில் மெலிந்தும் இருக்குமாறு உருட்டுங்கள். உருட்டும்போது மாவு பின்வாங்கினால் இழுத்து மல்லுக்கட்டாமல், பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டுத் தொடருங்கள். இறுக்கிப் பின்னாதீர்கள்; உப்புவதற்கு இடமில்லாத புரிகள் ஓவனுக்குள் வெடித்துப் பிரியும். பின்னுவதற்கு முன்பே ஓவனின் அகலத்தை அளந்துகொள்வது நல்லது. வீட்டு ஓவன் போதாதென்றால், ஓர் அடுமனையின் உதவியை நாடுவதில் தயங்க வேண்டாம்.

பின்னிய ரொட்டி, விரலால் அழுத்திய பள்ளம் மெதுவாக மேலெழும் அளவுக்கு மீண்டும் உப்பட்டும். பிறகு அடித்த முட்டையை இரண்டு முறை பூசி, எள்ளோ கசகசாவோ தூவுங்கள். 190 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் சுட்டு, வெப்பத்தை 165க்குக் குறைத்து, மேலோடு பொன்னிறமானதும் அலுமினியத் தாளால் தளர்வாக மூடி, ஏறத்தாழ இன்னும் 50 நிமிடம் வேகவிடுங்கள். நிறத்தை நம்பாதீர்கள். வெப்பமானியை நட்ட நடுவில் செருகும்போது 90 டிகிரி காட்ட வேண்டும்.

கம்பித் தட்டில் மூன்று மணி நேரமாவது முழுமையாக ஆறவிடுங்கள். துதி முடிந்ததும் முதல் துண்டை உப்பில் தொட்டு உண்கிறார்கள். மீதியைத் துண்டுகளாக்கி ஒவ்வொரு மேசைக்கும் அனுப்புகிறார்கள்.