வாயுள்ள பிள்ளையும் கதவில்லாத அறையும்

(திருவல்லிக்கேணியில் வாசகர் வட்டத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, இந்த மாடியை ஆண்டுதோறும் வாடகை வாங்காமல் திறந்துவிடும் கட்டட உரிமையாளர் ஐயா அவர்களே, பொன்னாடை வேண்டாம் என்று நான் சென்ற முறை சொன்னதை நினைவில் வைத்திருந்து இம்முறை கதர்த்துண்டு அணிவித்த செயலாளர் அவர்களே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். நான் எழுதிக் கொடுத்த தலைப்பில் ‘பாலுறவு’ என்ற சொல் இருந்தது. அழைப்பிதழில் அது ‘இல்லற வாழ்வு’ என்று அச்சாகியிருக்கிறது. செயலாளர் மீது எனக்கு வருத்தமில்லை. 34 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் சர்க்கரை நோயாளிகளைப் பார்த்த நானே, முதல் பத்தாண்டுகளில் அந்தச் சொல்லை ஒரு நோயாளியிடமும் உச்சரித்ததில்லை.

பாலுறவுக்குத் தேவையான இரத்த ஓட்டம், நரம்பு, சுரப்பிநீர் (ஹார்மோன்), மனம் என்று நான்கையும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். எங்கள் பாட்டி அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: வாயுள்ள பிள்ளை பிழைக்கும். இன்றைக்கு அதை நான் பல தடவை சொல்வேன், பொறுத்தருள வேண்டும்.

முதலில் இரத்த ஓட்டம். ஆணுறுப்பின் விறைப்பு என்பது இரத்தம் உள்ளே பாய்ந்து தங்குவதால் நிகழ்வது. அங்கே செல்லும் தமனியின் விட்டம் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் தமனிக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர். சர்க்கரையும் புகையிலையும் கொழுப்பும் சேர்ந்து குழாய்களைக் கெடுக்கும்போது சிறிய குழாய் முதலில் திணறுகிறது. அதனால்தான் விறைப்புக் குறைவு பலருக்கு நெஞ்சுவலிக்கு 2 முதல் 5 ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது. நம் உடலில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு இந்தக் குழாய்களைத் தளர்த்துகிறது என்பதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில்தான், நெஞ்சுவலிக்கென்று முதலில் சோதிக்கப்பட்ட சில்டெனாஃபில், வயாகரா என்ற பெயரில் விறைப்புக்கான மாத்திரையாக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் சார்பிட்ரேட் மாத்திரை வைத்துக்கொள்ளும் இதய நோயாளி அந்த மாத்திரையைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியும். கடைக்காரரிடம் காதோரம் கேட்டு வாங்குகிறவருக்கு இதை யார் சொல்வது?

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பேருந்து ஓட்டுநர் ஒருவர், ஐம்பதைத் தொட்டவர், மாதம் தவறாமல் எங்கள் பிரிவுக்கு வருவார். ஒரே மேசையைச் சுற்றி மூன்று மருத்துவர்கள், ஆறு நோயாளிகள், கதவில்லாத வாசலில் நீண்ட வரிசை. “எல்லாம் நல்லா இருக்குங்க ஐயா” என்பார். மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு போவார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, “குடையை வச்சிட்டுப் போயிட்டேன்” என்று நாற்காலிக்குப் பின்னால் தேடுவார். குடையை எடுத்துக்கொள்வார், ஆனால் போகமாட்டார். அதற்குள் பணியாளர், “அடுத்த டோக்கன்!” என்று குரல் கொடுத்துவிடுவார். அடுத்த மாதமும் குடை மறந்தது. சித்திரை வெயிலில் மூன்றாம் முறையும் மறந்தபோதுதான் இந்த மரமண்டைக்கு உறைத்தது. குடையை நானே எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடி வரை அவருடன் நடந்தேன். அங்கே அவர் என் முகத்தைப் பார்க்காமல், குடைக்கம்பியை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டே சொன்னார்: ஓராண்டாக இயலவில்லை; பிரஷர் மாத்திரைதான் காரணம் என்று யாரோ சொன்னதால் அதை நிறுத்திவிட்டார்; மாதம் ஒரு நாள் லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியரிடம் ஒரு மண்டலத்துக்கு லேகியம் வாங்க மனைவியின் வளையலை அடகு வைத்துவிட்டார். அந்த மனைவியோ, கணவருக்கு வேறு தொடர்பு இருக்கிறதோ என்று தம்பியை விட்டு டெப்போவில் விசாரித்திருக்கிறார்! நீங்கள் சிரிக்கிறீர்கள், நானும் அன்று சிரித்தேன். டிரெட்மில் சோதனை முடிவு வந்த பிறகு சிரிக்க முடியவில்லை, இதயத்தில் அடைப்பு இருந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும், சரிதான். அந்தப் பிள்ளைக்கு வாய் திறக்க மூன்று மாதமும் ஒரு குடையும் தேவைப்பட்டன.

பிரஷர் மாத்திரைகளில் சில வகைகள் விறைப்பைக் குறைக்கக்கூடும் என்பது உண்மையே. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் சில ஆசையையும் உச்சத்தையும் மந்தமாக்கும். அவற்றை மாற்றித் தர மருத்துவரால் முடியும், சொன்னால்தானே?

பெண்களைப் பற்றி எங்கள் துறை இன்னும் குறைவாகவே பேசியிருக்கிறது. சர்க்கரை கட்டுப்படாத பெண்ணுக்குப் பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வரும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து பிறப்புறுப்பு வறண்டு, உறவு வலியாகிவிடும். அவர் முகம் திருப்பிக்கொண்டால் கணவர் அதை வெறுப்பென்று எடுத்துக்கொள்கிறார். வறட்சிக்குக் களிம்பு இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியாது. முன்வரிசையில் தாய்மார்கள் குனிந்துகொள்வதைப் பார்க்கிறேன். குனிய வேண்டியவர்கள் கேட்காமல் விட்ட நாங்கள்.

நாம் வாய் மூடியிருப்பதால் பிழைக்கிறவர்கள் வேறு. மின்சார ரயில் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் சீட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். பாலியல் இன்பத் திறனைப் பெருக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அரும்பாக்கத்தில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்கே முறையாகப் பயின்றவர்களை நான் குறை சொல்லவில்லை, லாட்ஜ் அறையைச் சொல்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: லாட்ஜ் அறைக்குக் கதவு இருக்கிறது! நம் நோயாளி அந்தக் கதவுக்குத்தான் வளையலை அடகு வைத்தார்.

ஆகவே மாமன்ற உறுப்பினர் அம்மையாரிடம் என் கோரிக்கை எளியது. நம் வட்டாரத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரை, பிரஷர் பார்க்கும் அறைக்கு ஒரு கதவு வேண்டும். தேக்கு வேண்டாம், பிளைவுட் போதும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருவது பெரிய காரியம். ஆனால் மாமியாரும் பேரப்பிள்ளையும் இருக்கும் கூடத்தில் யார் எதைச் சொல்வார்கள்? வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும் என்றால், வாய் திறக்க ஓர் இடத்தை நாம்தான் ஒதுக்க வேண்டும்.

நரம்பும் சுரப்பிநீரும் மனமும் முழுதாகப் பேசப்படாமலே நின்றுவிட்டன. செயலாளர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். கதவுக்கான மனு வாசலில் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தலைமையாசிரியை அம்மா முதல் கையெழுத்தை ஏற்கெனவே போட்டுவிட்டார். அங்கிருக்கும் பேனாவில் மை தீர்ந்துவிட்டதாகச் சொல்கிறார்கள், வைத்திருப்பவர்கள் எடுத்துச் செல்லுங்கள்.