அரசியல் பேசத் தெரியும், படிப்பது எப்படி? முதலாண்டு மாணவர்களுக்கு

[திரையில்: 33.7 – 14.3 – 12.2]

2024 ஜூலை, பிரிட்டன் பொதுத்தேர்தல். தொழிற்கட்சி வாங்கியது 33.7 சதவீத வாக்கு. ரிஃபார்ம் கட்சி 14.3. லிபரல் டெமாக்ரட் 12.2. நாடாளுமன்றத்தில் மொத்தம் 650 இடங்கள். யாருக்கு எத்தனை இடம் கிடைத்திருக்கும்? வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு தாளில் எழுதுங்கள்.

[திரையில்: 411 – 5 – 72]

தொழிற்கட்சிக்கு 411. மூன்றில் ஒரு பங்கு வாக்குக்கு 63 சதவீத இடங்கள். ரிஃபார்முக்கு ஐந்தே ஐந்து. அதைவிடக் குறைவாக வாக்கு வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுக்கு 72.

பார்த்ததும் "இது அநியாயம்" என்று வாயில் வரும். வரட்டும், தப்பில்லை. ஆனால் அரசியல் அறிவியலில் அதற்கு முன்னால் நிற்கிற கேள்வி வேறு: இது எப்படி நடந்தது?

[திரையில்: ஒரு தொகுதி, 100 வாக்குகள்: 34, 33, 33]

ஒரு தொகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். நூறு பேர் ஓட்டுப் போடுகிறார்கள். மூன்று வேட்பாளர்களுக்கு 34, 33, 33 என்று பிரிகிறது. 34 வாங்கியவர் ஜெயித்தார். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்று விதி இல்லை, மற்றவர்களைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் போதும். தோற்ற இருவருக்கும் சேர்த்து விழுந்த 66 வாக்குகள் ஓர் இடத்தைக்கூடத் தராது.

இதையே நாடு முழுக்க விரித்துப் பாருங்கள். ரிஃபார்மின் வாக்கு நாடெங்கும் பரவலாகச் சிதறிக் கிடந்தது. பல தொகுதிகளில் இரண்டாம் இடம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. லிபரல் டெமாக்ரட்டின் வாக்கு குறிப்பிட்ட சில பகுதிகளில், முக்கியமாக இங்கிலாந்தின் தென்பகுதியில், குவிந்திருந்தது. ஆக, இந்த முறையில் எத்தனை வாக்கு என்பது பாதிக் கணக்குத்தான். அவை எங்கே விழுந்தன என்பது மீதிப் பாதி.

நெதர்லாந்தில் விதி வேறு. நாடு முழுவதும் கிட்டத்தட்ட ஒரே தொகுதி மாதிரி, 150 இடங்கள் வாக்கு விகிதப்படி பிரிக்கப்படும். 0.67 சதவீதம் வாங்கினாலே ஓர் இடம். 2023 தேர்தலில் 15 கட்சிகள் உள்ளே வந்தன. இது நியாயமாகத் தெரிகிறதா? இதற்கும் ஒரு விலை உண்டு: 2021 தேர்தலுக்குப் பிறகு கூட்டணி பேசி அமைச்சரவை அமைக்க 299 நாட்கள் ஆயின.

இப்போது கேள்விகளைப் பிரிக்கலாம். என்ன நடந்தது? ஏன் நடந்தது? எது சரி? மூன்றுக்கும் சான்று வேறுவேறு. முதலாவதற்குத் தேர்தல் முடிவுகள் போதும். இரண்டாவதற்கு ஒப்பீடு வேண்டும். மூன்றாவதற்கு நீங்கள் எந்த மதிப்பை முன்வைக்கிறீர்கள் என்பதைச் சொல்லி வாதாட வேண்டும். முதலாண்டு விடைத்தாளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்: "ஏன்" என்று கேட்ட கேள்விக்கு "இது தவறு" என்று நான்கு பக்கம் எழுதிவிடுவது.

அடுத்தது சொற்கள். தமிழில் படிப்பவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. செய்திகளில் "அரசு" என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளில் போடுகிறார்கள். நம் பாடத்தில் அரசு வேறு, அரசாங்கம் வேறு. தேர்தலில் மாறுவது அரசாங்கம். நீதிமன்றம், காவல்துறை, வரி வசூல், நாட்டின் கடன், ஒப்பந்தங்கள் எல்லாம் சேர்ந்து நிலைத்து நிற்பது அரசு. 2010–11இல் பெல்ஜியத்தில் 541 நாட்கள் புதிய அரசாங்கம் அமையவில்லை. காபந்து அமைச்சரவை அன்றாட வேலையைப் பார்த்தது, வரி வசூலானது, சம்பளம் போனது. அரசாங்கம் அமையாமல் இழுபறியாக இருந்தபோதும் அரசு நின்றது.

"ஜனநாயகம்" இதைவிட வழுக்கும் சொல். சுவிட்சர்லாந்து எந்த ஆண்டிலிருந்து ஜனநாயக நாடு? போட்டியுள்ள தேர்தல் போதும் என்றால் 1848 என்று சொல்லலாம். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்றால் 1971. அந்த ஆண்டில்தான் பெண்களுக்குக் கூட்டாட்சி அளவில் வாக்குரிமை கிடைத்தது. 1959இல் இதே கேள்வி வாக்கெடுப்புக்கு வந்தபோது, வாக்களித்த ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றிருந்தார்கள். வரையறையைக் கொஞ்சம் நகர்த்தினால் விடை 123 ஆண்டுகள் நகர்கிறது. அதனால் கட்டுரையின் முதல் பத்தியிலேயே எந்தப் பொருளில் சொல்லை எடுக்கிறீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

[திரையில்: ஜெர்மனி, அமெரிக்கா, பிரிட்டன், ஸ்வீடன்]

ஒப்பீட்டில் எல்லோரும் விழுகிற ஒரு குழி இருக்கிறது. "பொருளாதார வீழ்ச்சி வந்தால் ஜனநாயகம் கவிழும்" என்று நிறுவ, கவிழ்ந்த நாடுகளை மட்டும் பொறுக்கி எடுப்பது. 1929இல் தொடங்கிய பெருமந்தம், 1933இல் ஹிட்லர் ஆட்சி என்று ஜெர்மனியைக் காட்டினால் பொருந்துவது போலவே இருக்கும். அதே மந்தம் அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஸ்வீடனையும் அடித்தது, அங்கே ஜனநாயகம் கவிழவில்லை. கவிழாத நாடுகளையும் பட்டியலில் சேர்த்த பிறகுதான் உண்மையான கேள்வியே பிறக்கிறது: ஜெர்மனியில் மந்தத்தோடு வேறு எது சேர்ந்தது?

வாசிப்பு பற்றிச் சுருக்கமாக. முப்பது பக்க ஆய்வுக் கட்டுரையை முதல் வரியிலிருந்து தொடங்காதீர்கள். சுருக்கம், முடிவுரை, முன்னுரை என்ற வரிசையில் இருபது நிமிடம். பிறகு மூன்று வரி எழுதுங்கள்: ஆசிரியரின் கேள்வி என்ன, பதில் என்ன, எந்தச் சான்றை வைத்துச் சொல்கிறார். மூன்றாவது வரி எழுத வரவில்லையென்றால் நடுப்பகுதிக்குள் போக வேண்டும் என்று அர்த்தம். பக்கம் முழுக்க மஞ்சள் பேனாவால் கோடு போடுவதால் எந்தப் பயனும் இல்லை.

[திரையில்: நான்கு பத்திகள் கொண்ட வெற்று அட்டவணை]

முதல் வாரப் பயிற்சி. ஏதாவது இரண்டு நாடுகளின் தேர்தல் முடிவை எடுங்கள், ஒன்று தொகுதிக்கு ஒருவர் முறை, மற்றது விகித முறை. அட்டவணையில் கட்சி, வாக்கு சதவீதம், இட சதவீதம், கடைசியில் இடத்திலிருந்து வாக்கைக் கழித்த வித்தியாசம். பிரிட்டனுக்குப் போட்டால் தொழிற்கட்சிக்கு கூட்டல் 29.5, ரிஃபார்முக்குக் கழித்தல் 13.5, லிபரல் டெமாக்ரட்டுக்கு வெறும் கழித்தல் 1.1 வரும். "மற்றவை" என்று ஒரே வரியில் இருக்கும் சிறு கட்சிகளை ஒரே கட்சியாக எண்ணிவிடாதீர்கள். கூட்டணியாகப் போட்டியிட்ட தேர்தல் என்றால் கட்சிவாரியாக ஒரு முறை, கூட்டணிவாரியாக ஒரு முறை போடுங்கள். வித்தியாசம் மாறும். எதை ஏன் தேர்ந்தீர்கள் என்று அட்டவணைக்குக் கீழே ஒரு வரி எழுதி வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.