எட்டு மணி மாத்திரை

நேயர்களுக்கு வணக்கம். நான் இயன்முறை சிகிச்சையாளர். பிசியோதெரபிஸ்ட் என்றால் சட்டென்று புரியும். நரம்பியல் மருத்துவரிடம் நோயாளிக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது. என்னிடம் முக்கால் மணி நேரம் இருப்பார். அந்த முக்கால் மணி நேரத்தில் காதில் விழுந்த சில சங்கதிகளைத்தான் இன்று சொல்லப்போகிறேன். நோயின் பெயர் பார்க்கின்சன்.

கை நடுங்கினால்தான் பார்க்கின்சன் என்று பலரும் நினைக்கிறார்கள். நடுக்கம் துளிகூட இல்லாமலும் இது வரும். கையெழுத்து நுணுகிக்கொண்டே போகும். சட்டைப் பொத்தான் போட நெடுநேரம் ஆகும். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாது. உடம்பு அசைய உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருளை மூளையில் சுரக்கும் செல்கள் அழிந்துகொண்டே வருவதுதான் காரணம்.

பணி ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் என்னிடம் வந்தார். "மாத்திரை வேலையே செய்யல சார்" என்றார். கூட வந்த மனைவிக்கு வருத்தம். "நான்தான் வேளை தவறாம எடுத்துக் குடுக்கறேன். காலையில எட்டு மணின்னா எட்டு மணி." சரி, எதோடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு அவித்த முட்டை, ஒரு டம்ளர் பால். அந்தப் பாலிலேயே மாத்திரை.

சிக்கல் அங்கேதான். இந்த நோய்க்கு முதன்மையான மருந்து லெவோடோபா. டோபமைனை அப்படியே கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும், உள்ளே போய் டோபமைனாக மாறும். வழியிலேயே மாறி வீணாகாமல் இருக்க, அதே மாத்திரையில் கார்பிடோபாவையும் சேர்த்திருப்பார்கள். ஆனால் முட்டை, பால், பருப்பு இவற்றின் புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் அதே வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். அவரிடம் அவர் பாஷையிலேயே சொன்னேன்: படிக்கட்டில் கூட்டம் தொங்கினால் நிறுத்தத்தில் நிற்பவர் எப்படி ஏறுவார்? சிரித்துவிட்டார்.

மருந்தை மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது. மருத்துவரிடம் பேசச் சொன்னேன். அவர் மாத்திரையை மாற்றவில்லை, கூட்டவும் இல்லை. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு வெறும் தண்ணீரில் போடச் சொன்னார். சாப்பிட்டுவிட்டால் ஒரு மணி நேரமாவது கழித்து. குமட்டினால் ஒரு சாதா பிஸ்கட் போதும். அதற்காகப் புரதத்தையே நிறுத்திவிடக் கூடாது, உடம்பு இளைத்துவிடும். முட்டையையும் பருப்பையும் பெரும்பாலும் இரவுக்குத் தள்ளினார்கள், அவ்வளவுதான்.

இங்கே நாட்டு மருந்தான பூனைக்காலி விதை பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். அதில் லெவோடோபா இருப்பது உண்மைதான். 1937-லேயே தாமோதரன், ராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள் அதைச் சென்னையில் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். வியன்னாவில் நோயாளிகளுக்கு லெவோடோபா ஊசி போட்டுப் பார்த்தது அதற்கப்புறம், 1961-ல். ஆனால் கடையில் வாங்கும் பொடியில் ஒரு ஸ்பூனுக்கு எவ்வளவு மருந்து இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மாத்திரையோடு ரகசியமாகப் பொடியும் சாப்பிட்டுவிட்டு, உடம்பு தானாக நெளிகிறது என்று வந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. தலைச்சுற்றலுக்குக் கொடுக்கும் சின்னாரிசின், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு, சில மனநல மருந்துகள் இவையே பார்க்கின்சன் மாதிரியான இறுக்கத்தைக் கொண்டுவரக்கூடும். மருத்துவர் பார்த்து அதை நிறுத்தினால் பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும். பழைய சீட்டு, பாதி தீர்ந்த அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

கண்டக்டருக்கு நேரம் மாற்றியதில் விறைப்பு நன்றாகக் குறைந்தது. ஆனால் நிலைப்படியில் வரும் சிக்கல் மட்டும் தீரவில்லை. ஹாலில் நன்றாக நடப்பார். அறை வாசல் வந்ததும் பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் எல்லோரும் "வாங்க, வாங்க" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். இழுத்தால் உடம்பு முன்னால் வரும், கால் வராது, விழுவார். இழுக்கவே இழுக்காதீர்கள். இதே மனிதர் மாடிப்படியில் சரசரவென்று ஏறுவார் என்பதுதான் வேடிக்கை. படியைக் கண் பார்க்கிறது. தானாக நடக்கும் வழி தடைப்பட்டாலும், கண்ணோ காதோ எடுத்துக்கொடுத்தால் மூளை வேறு வழியில் காலைத் தூக்கிவிடுகிறது.

அதனால் வாசலுக்கு முன் ஒரு காலடிக்கு ஒன்றாகக் குறுக்கே மஞ்சள் டேப் ஒட்டச் சொன்னேன். அவர் மனைவி முதலில் கோலமாவில் கோடு போட்டார். வழுக்கும் என்று நான்தான் வேண்டாம் என்றேன். டேப் இல்லாத இடத்தில் என்ன செய்வது? அதைக் கண்டக்டரே கண்டுபிடித்தார். கால் ஒட்டிக்கொண்டால் நிற்கிறார், எடையை இடம் வலமாக மாற்றுகிறார், "போலாம் ரைட்" என்று சத்தமாகச் சொல்கிறார், கால் எழும்புகிறது. முப்பது வருடம் சொன்ன வார்த்தை. இதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை.

மூளைக்குள் மின்முனை வைக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றியும் கேட்கிறார்கள். 1987-ல் பிரான்சின் கிரெனோபிளில் பெனாபிட் என்ற மருத்துவர் தொடங்கிவைத்த முறை. மார்பில் தோலுக்கடியில் பேட்டரி இருக்கும், செலவு லட்சக்கணக்கில். மாத்திரைக்கு உடம்பு கேட்கும், ஆனால் அதன் பலன் நாளெல்லாம் ஏறி இறங்கும் என்கிறவர்களுக்குத்தான் இது பெரிதும் உதவும். மாத்திரைக்கு அசையாத தள்ளாட்டம் பொதுவாக இதற்கும் அசையாது.

கடைசியாக, பல்லுக்கோ குடலிறக்கத்துக்கோ வேறு மருத்துவமனையில் சேர நேர்ந்தால், மாத்திரை பெயரையும் மணியையும் ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் காய்ச்சலும் விறைப்புமாக உயிருக்கே ஆபத்தாகலாம். அங்கே மருந்து தருவது எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான். உங்கள் நேரத்தை நீங்கள்தான் நர்ஸிடம் சொல்லியாக வேண்டும். வணக்கம்.