வட்டுக்கோட்டையில் எடுத்த கணக்கு

(ஒரு சிறிய கல்லூரியின் பழைய மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முதல்வர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, காலையிலேயே வந்து முன்வரிசையைப் பிடித்துவிட்ட மூத்த மாணவர்களே, தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து கைப்பேசி பார்க்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பழைய மாணவர்கள் இப்போது எங்கே, என்ன செய்கிறார்கள் என்று ஒரு மலர் போடப் போகிறோம், அதையொட்டி நாலு வார்த்தை பேசுங்கள் என்றார் செயலாளர். இதே கணக்கை 1855இல் ஒரு சின்னக் கல்லூரி எடுத்தது. எடுத்து முடித்ததும் கல்லூரியையே மூடிவிட்டார்கள். அந்தக் கதையைச் சொல்கிறேன். முதல்வர் பயப்பட வேண்டாம்.

இடம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை. வழி கேட்டவனுக்குக் கொட்டைப்பாக்கு விலை சொன்ன பழமொழியை நாம் பட்டுக்கோட்டைக்குச் சொல்கிறோம். யாழ்ப்பாணத்தார் வட்டுக்கோட்டைக்குச் சொல்வார்கள். 1823இல் அமெரிக்க மிஷனரிகள் அங்கே ஒரு செமினரி, அதாவது சமயக் கல்லூரி, தொடங்கினார்கள். முதல் தலைவர் டேனியல் பூர். செமினரி என்று பெயர் இருந்தாலும் வேதபாடத்தோடு நிற்கவில்லை. ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல் எல்லாம் உண்டு. பஞ்சாங்கக்காரர்களோடு கிரகணக் கணக்கில் மல்லுக்கட்டியவர் பூர். அத்தனை ஆண்டுகளில் சேர்ந்தவர்களை எல்லாம் கூட்டினாலும் சில நூறு பேர்தான் தேறுவார்கள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பையனின் படிப்புச் செலவை அமெரிக்காவில் ஒருவர் ஏற்றுக்கொண்டால், அந்தப் பக்கத்துப் பெயர் ஒன்றைப் பையனுக்கு வைப்பார்கள். சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். விசுவநாதபிள்ளை கரோல். பணம் அனுப்புகிறவருக்கு, நாம் பெயர் கொடுத்த பையன் என்ன ஆனான் என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா? மூன்றாண்டு அறிக்கை என்று அச்சடித்தே வெளியிட்டார்கள்.

1855இல் பாஸ்டனிலிருந்து மிஷனின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் நேரில் வந்தார். பூர் அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் காலராவில் இறந்திருந்தார். படித்து வெளியே போனவர்களில் எத்தனை பேர் கிராமத்துச் சபைகளுக்குப் போதகர்களாகப் போனார்கள் என்பதே ஆண்டர்சனுடைய கேள்வி. கிடைத்த பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. கணிசமானவர்கள் ஆங்கிலம் படித்த கையோடு அரசாங்க உத்தியோகத்துக்குப் போயிருந்தார்கள். செமினரி அந்த ஆண்டே மூடப்பட்டது.

ஆண்டர்சனைத் திட்டுவது சுலபம். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. சபை வளரட்டும் என்று ஊரார் கொடுத்த காசு; அதற்குக் கணக்குக் கேட்பது அவர் வேலை. ஆனால் அட்டவணையின் எந்தக் கட்டத்தை வைத்து எண்ணினார், எந்த நேரத்தில் எண்ணினார் என்பதைப் பாருங்கள்.

அங்கே படித்து முடித்திருந்த சிறுப்பிட்டி ஊர்ப் பையன் ஒருவருக்கு அந்த நேரத்தில் வயது 23 கூட நிரம்பவில்லை. பின்னர் சென்னைக்குப் போய்த் தினவர்த்தமானி என்ற பத்திரிகையைப் பார்த்துக்கொண்டார். பெயர் சி. வை. தாமோதரம்பிள்ளை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதில் முதன்முதலாக பி.ஏ. தேறியவர்கள் இருவர். ஒருவர் இவர், இன்னொருவர் வட்டுக்கோட்டையில் ஆசிரியராகவும் இருந்த கரோல் விசுவநாதபிள்ளை. கல்லூரி மூடி மூன்று வருடம்கூட ஆகியிருக்காது!

அப்புறம் தாமோதரம்பிள்ளை சென்னையில் அரசாங்கக் கணக்குத் துறையில் சேர்ந்தார். அதாவது ஆண்டர்சன் எதைப் பார்த்துக் கவலைப்பட்டாரோ, அதே உத்தியோகம்! சமயத்திலும் சைவர்தான். மிஷன் கணக்கில் இரண்டு கட்டத்திலும் பூஜ்யம். அந்த மனிதர்தான் ஐம்பதை நெருங்கும் வயதில் 1881இல் வீரசோழியம் என்ற பழைய இலக்கண நூலை அச்சேற்றினார். 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை. பதிப்பு வேலை என்றால் இன்றைக்குக் கணினியில் செய்வதுபோல் நினைத்துவிடாதீர்கள். ஓலைச்சுவடிக் கட்டை அவிழ்த்தால் ஏடு முறியும், ஒன்றைப் புரட்டினால் துண்டு பறக்கும். ஒரு பிரதியில் இல்லாத வரியை இன்னொரு பிரதியில் தேட வேண்டும். அந்தப் பிரதி எந்த ஊரில், யார் வீட்டுப் பரணில் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பகலில் வருவாய்க் கணக்கு பார்த்தவர், மிச்ச நேரத்தில் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியரோடு உட்கார்ந்தார்.

நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1850இல் தமிழில் தர்க்க நூல் எழுதினார். பின்னாளில் யாழ்ப்பாணத்தில் அவர் தொடங்கிய பள்ளியே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. மிஷன் வளர்த்த பிள்ளையால் ஓர் இந்துக் கல்லூரி! இதை எந்தக் கட்டத்தில் போடுவது? ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை உதயதாரகைப் பத்திரிகையை நெடுங்காலம் நடத்தினார். 1886இல் அவர் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகத்தில் நானூறுக்கு மேற்பட்ட புலவர்களின் வாழ்க்கைக் குறிப்பு இருக்கிறது. விவரம் நிறையக் கிடைத்தவருக்குப் பக்கம் பக்கமாக, கிடைக்காதவருக்கு இரண்டே வரி. விவரம் இல்லை என்பதற்காக ஆளை விட்டுவிடவில்லை. மலர்க் குழுவினர் அதை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். வாசலில் கொடுத்த படிவத்தைப் பார்த்தேன். பதவி, நிறுவனம், ஆண்டு வருமானம். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது கேட்பார்கள், கோப்பில் வைக்கத்தான் வேண்டும். அதை நாக் கோப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள், மலருக்கு எடுத்து வராதீர்கள். மூன்றாம் வருடத்தில் கல்யாணமாகிப் பரீட்சை எழுதாமல் போன பெண்கள் எத்தனை பேர்? அவர்கள் பட்டதாரி இல்லை என்று படிவமே அனுப்பவில்லையாம். அனுப்புங்கள். சம்பளம் இல்லாமல் என்ன செய்கிறீர்கள் என்று ஒரு கேள்வி சேருங்கள். அஞ்சு வருடம் கழித்து மறுபடி கேளுங்கள், பத்து வருடம் கழித்தும் கேளுங்கள். நம்முடையது சின்னக் கல்லூரி, எல்லோரையும் தேடிப் பிடிக்க முடியும். பெரிய பல்கலைக்கழகத்துக்கு அந்த வசதி கிடையாது.

வட்டுக்கோட்டையை அப்படியே விட்டுவிடவில்லை. ஊர்க்காரர்களும் பழைய மாணவர்களும் முயன்று 1872இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரியைத் தொடங்க வைத்தார்கள். இன்றைக்கும் நடக்கிறது.

படிவத்தைத் தமிழிலேயே எழுதலாம், கையால் எழுதலாம், இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கலாம். கடைசித் தேதியைச் செயலாளர் சொல்வார். நன்றி, வணக்கம்.